திருப்பிக் கொடுக்கும் அன்பு

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் வருவது கொடியேற்றம், தேர்ப்பவனி, வண்ண விளக்குகள், சமபந்தி விருந்து. இவையெல்லாம் வேண்டியவைதாம். இறைவன் செய்த நன்மைகளை நினைத்து ஊர்கூடி மகிழ்வது நன்றியறிதலின் அடையாளம். ஆனால் யூபிலி என்னும் சொல் எங்கே பிறந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்க வேண்டும். கடனுக்காக விற்கப்பட்ட நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார்.

ஆகவே யூபிலி என்பது வீடு திரும்பும் ஆண்டு. பிரிந்து கிடக்கிறவர்கள் ஒன்று சேரும் ஆண்டு. இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு, இன்று உங்களோடு ஒரு பணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது குழந்தைகளைத் தற்காலிகமாக நம் இல்லத்தில் ஏற்றுப் பராமரித்து, காலம் வந்ததும் அவர்களுடைய தாய் தகப்பனிடமே திருப்பி ஒப்படைக்கும் பணி. இதை வளர்ப்புப் பராமரிப்பு என்று அரசாங்கத்தார் சொல்லுகிறார்கள். தத்து எடுப்பது வேறு, இது வேறு. தத்து எடுப்பவர் குழந்தையைத் தம் குழந்தையாகவே ஆக்கிக்கொள்கிறார். இதிலோ, குழந்தை என்றும் அதன் பெற்றோருடைய குழந்தையே. நாம் கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

நம் ஊரின் நிலை

இதற்கு நம் காட்டுப்பாக்கத்தில் என்ன அவசியம் என்று கேட்கலாம். நம்மைச் சுற்றிப் பாருங்கள். பரங்கிமலை பூந்தமல்லி சாலையின் இருபுறமும் எத்தனை அடுக்குமாடிகள், எத்தனை வாடகை வீடுகள்! அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கும், போரூர் மருத்துவமனைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. ஆனால் பாட்டியும், அத்தையும், தாய்மாமனும் ஊரிலேயே இருந்துவிட்டார்கள்.

நம் பழைய ஊர்களில் ஒரு தாய் பிரசவத்துக்குப் போனால் மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா போடுவாள். சித்தி வந்து ஒரு மாதம் தங்குவாள். கோடை விடுமுறை முழுவதும் பிள்ளைகள் பாட்டி வீட்டில் கிடப்பார்கள். பெற்றவளுக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். இதற்கு யாரும் திட்டம் தீட்டவில்லை, பெயரும் வைக்கவில்லை. அது குடும்பத்தின் மூச்சாக இருந்தது. இன்று வீட்டில் இருவர் மட்டும் இருக்கும் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் எல்லாமே நின்றுவிடுகிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர். அவருக்கோ கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகள்; ஒன்று இரண்டாம் வகுப்பு, மற்றொன்று யு.கே.ஜி. வெளி மாவட்டத்தில் உள்ள ஒரு விடுதியில் இருவரையும் சேர்க்க எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுங்கள் சாமி என்று கேட்டார். எத்தனை நாளுக்கு உதவி வேண்டும் அம்மா என்று கேட்டேன். மூன்று வாரம், அதிகம் போனால் ஒரு மாதம் என்றார். விடுதியில் சேர்த்தால் பள்ளியை மாற்ற வேண்டும். மாற்றினால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். அதன் பிறகு இங்கேயே நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று அடுத்த ஆண்டும் தொடரும். ஒரு மாதக் கஷ்டத்துக்குப் பல ஆண்டுப் பிரிவு!

கடிதம் எழுதவில்லை. அந்த அன்பியத்தில் பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர் இருந்தார்கள். அந்தச் சகோதரிக்கு ஏற்கெனவே நன்கு அறிமுகமானவர்கள், அதே தெருவினர். அவர்களும் அந்தத் தாயும் பேசி முடிவு செய்தார்கள். தகப்பனும் தொலைபேசியில் சம்மதித்தார். பிள்ளைகள் 24 நாள் அந்த வீட்டில் இருந்தார்கள். அதே பள்ளி, அதே ஆட்டோ, அதே மறைக்கல்வி வகுப்பு. சின்னவன் தாயின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவானாம். இன்று அவர்கள் தங்கள் தாயோடு இருக்கிறார்கள். விடுதிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டில் குழந்தைகள் இல்லங்களில் இருப்போரெல்லாம் அனாதைகள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படியன்று. அவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், குடி, சாவு, சிறை என்று ஏதோ ஒரு புயல் அடித்திருக்கிறது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. நம் அருட்சகோதரிகள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் கருணை இல்லங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. போக்கிடமே இல்லாத பிள்ளைகளுக்கு அவை தந்த வாழ்வைக் கடவுள் அறிவார். ஆனால் ஒரு குடும்பம் சில வாரம் தாங்கினால் போதும் என்ற இடத்தில், ஒரு நிறுவனம் பல ஆண்டு தாங்க வேண்டியிருப்பது முறையா என்றே கேட்கிறேன்.

ஒன்பது நாள் என்பது சிறு காரியமா?

குழந்தைதானே, சில நாளில் மறந்துவிடும் என்று சொல்லுவோர் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஓர் உண்மையை அறிந்துகொள்வது நல்லது.

இலண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதியர் இருந்தார்கள். தாயை விட்டுச் சில நாள் பிரியும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அவர்கள் 1960-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் படம் பிடித்தார்கள். ஒரு சிறுவன், வயது 17 மாதம். தாய் இரண்டாம் பிரசவத்துக்குப் போனதால் ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டான். அங்கே அடியில்லை, பட்டினியில்லை, தாதிகள் நல்லவர்களே. ஆனால் வேளைக்கு வேளை ஆள் மாறினார்கள். அவனுக்கென்று ஒரு மடி இல்லை. முதல் இரண்டு நாள் ஒவ்வொரு தாதியாகத் தேடிப் போனான். பிறகு அழுதான். பிறகு விளையாட்டை நிறுத்தினான், உண்ண மறுத்தான், ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஒன்பதாம் நாள் தாய் வந்தபோது அவளிடம் தாவவில்லை. கதறிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதே ராபர்ட்சன் தம்பதியர், அதே போன்ற சூழ்நிலையில் இருந்த வேறு நான்கு குழந்தைகளைத் தங்கள் சொந்த வீட்டிலேயே ஏற்றார்கள். ஒரு குழந்தை பத்து நாள். மற்றொன்று 27 நாள். அவர்கள் செய்தது என்ன? குழந்தை வருமுன்பே அதனோடும் அதன் பெற்றோரோடும் பழகினார்கள். என்ன உண்ணும், எப்படித் தூங்கும் என்று தாயிடம் கேட்டு அறிந்தார்கள். அதனுடைய சொந்தப் போர்வையையும் விளையாட்டுச் சாமான்களையும் கொண்டுவரச் செய்தார்கள். தாயின் புகைப்படத்தைக் காட்டி அவளைப் பற்றியே பேசினார்கள். தகப்பன் வந்து பார்க்க வழி செய்தார்கள். அந்தக் குழந்தைகளும் வருந்தத்தான் வருந்தினார்கள். ஆயினும் உடைந்துபோகவில்லை, தாய் வந்தபோது அவளை ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு சான்று ருமேனியா நாட்டிலிருந்து. அங்கே பழைய ஆட்சியில் பெரிய பெரிய அரசு விடுதிகளில் குழந்தைகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, தலைநகர் புக்கரெஸ்டில் விடுதிகளிலிருந்த 136 சிறு குழந்தைகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டார்கள். குடும்பங்களுக்குப் போனவர்கள் அறிவிலும் பாசத்திலும் தெளிவாக முன்னேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களே அதிகம் தேறினார்கள். ஒரு குழந்தைக்கு உணவும் கூரையும் மட்டும் போதா. தன்னை அறிந்த ஒரு முகம் வேண்டும் என்பதை அறிவியலும் ஒப்புக்கொண்டுவிட்டது.

மறைநூல் காட்டும் முன்மாதிரிகள்

அன்பர்களே! இது நமக்குப் புதிய போதனையா? இல்லை. கன்னி மரியாளை நினைத்துப் பாருங்கள். முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறார். பிறகு தம் வீடு திரும்புகிறார். லூக்கா நற்செய்தியாளர் மறவாமல் குறித்து வைத்திருக்கும் இந்த மூன்று மாதம், தற்காலிகமாகத் தோள் கொடுக்கும் பணிக்குத் திருச்சபையின் தாய் இட்ட பிள்ளையார்சுழி என்று சொல்லலாம். தேவை உள்ளபோது இருந்தார். தேவை முடிந்ததும் விடைபெற்றார்.

நைல் நதிக்கரைக்கு வாருங்கள். நாணல் பெட்டியில் கிடந்த குழந்தை மோசேயைப் பார்வோன் மகள் எடுக்கிறாள். அக்குழந்தையின் சகோதரி ஓடிப்போய்ப் பெற்ற தாயையே பால் கொடுக்கும் செவிலியாக அழைத்து வருகிறாள். அரசன் மகள் கூலி கொடுக்க, தாய் தன் மகனைத் தானே வளர்க்கிறாள்! பெற்றவளை ஒதுக்கிவிடாமல் குழந்தையைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

அன்னாளைப் பாருங்கள். சிறுவன் சாமுவேலைச் சீலோவில் ஏலியிடம் விட்டாள். ஆனால் ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலங்கியைத் தைத்து எடுத்துக்கொண்டு போனாள். மகன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்திலேயே அளவெடுத்துத் தைத்த அங்கி அது. பிரிந்திருக்கும் தாயின் கை, பிள்ளையின் உடலைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் சூசையப்பர். நம் முன்னோர் அவரை இயேசுவின் கைத்தாதை என்று அழகாக அழைத்தார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தின் தலைவராகக் கொண்டது இவரையே. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டை இவருக்கென்றே ஒதுக்கினார். தமதல்லாத குழந்தையைத் தம் உயிராகக் காத்தார், எகிப்துக்குக் கொண்டு ஓடினார், தொழில் கற்பித்தார், ஆனால் ஒரு கணமும் இது என்னுடையது என்று கைக்குள் பூட்டி வைக்கவில்லை. அவருக்குத் தெரியும், இந்தப் பிள்ளை வேறொரு தந்தைக்கு உரியவர் என்று.

திருச்சபையின் வரலாற்றிலும் இதைக் காண்கிறோம். 1638-இல் பாரிஸ் நகரத் தெருக்களில் கைவிடப்பட்ட சிசுக்களைப் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரில்லாக்கும் ஏற்கத் தொடங்கினார்கள். எல்லாச் சிசுக்களையும் ஒரே கட்டடத்தில் அடைத்து வைக்கவில்லை. பலரைக் கிராமத்துச் செவிலித்தாய்மாரின் வீடுகளில் வளர்த்தார்கள், அவர்கள் நன்றாக வளர்கிறார்களா என்றும் கண்காணித்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபை சகோதரர்கள் இதைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது. முறையும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, அண்டை அயலாரின் உதவி. தாயும் தகப்பனும் தாங்களாகவே விரும்பி, தங்களுக்கு நன்கு தெரிந்த குடும்பத்திடம் சில நாளுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவது. பொறுப்பும் உரிமையும் பெற்றோரிடமே இருக்கும். நான் மேலே சொன்ன 24 நாள் இந்த வகை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும், குடும்பம் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு வேறு, அதிகாரிகள் ஆணையிட்டுச் செய்யும் ஏற்பாடு வேறு என்று பிரித்துச் சொல்லுகின்றன.

இரண்டாவது, சட்டப்படியான வளர்ப்புப் பராமரிப்பு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44-ஆம் பிரிவில் இதற்கு இடம் தருகிறது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை, குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ, தகுதியுள்ள ஒரு குடும்பத்தில் வைக்கக் குழந்தைகள் நலக் குழு ஆணையிடலாம். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக் கூடாது. பெற்றோரால் பராமரிக்க இயலாததால் வைக்கப்பட்ட குழந்தையை அவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கலாம். அவர்கள் மீண்டும் தகுதி பெற்றதும் குழந்தை அவர்களிடம் திரும்பலாம். மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்றும், கவனிப்பில் குறை கண்டால் குழந்தையை வேறிடம் மாற்ற வேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது. உணவு, கல்வி, உடல்நலம் மூன்றும் வளர்ப்புக் குடும்பத்தின் பொறுப்பு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்யப்பட்டுள்ளது.

2024-இல் வெளிவந்த மாதிரி நெறிமுறைகள் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கருத்தில் கொண்டவை. தம்பதியராயின் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான இல்லறம் நடத்தியிருக்க வேண்டும். 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தனி ஆணிடம் பெண் குழந்தை ஒப்படைக்கப்படுவதில்லை. விவரம் வேண்டுவோர் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில், இல்லங்களில் வாழும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் குடும்பங்களுக்கு அனுப்பிவைக்கும் திட்டத்தை அரசே நடத்தி வந்திருக்கிறது. பாட்டி வீடு இல்லாத பிள்ளைக்கு ஒரு பாட்டி வீடு கிடைக்கிறது பாருங்கள்!

ஓர் எச்சரிக்கை. கேட்பாரற்றுக் கிடக்கும் குழந்தையைக் கண்டால், இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளாதீர்கள். 1098 என்ற எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, பெற்றோரை இழந்த குழந்தை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கைபேசிகளில் செய்திகள் பரவின. அது குற்றம் என்று அரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. பங்குத் தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும்கூட ஒரு குழந்தையை யாரிடமும் எடுத்துக் கொடுக்க அதிகாரம் இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்.

மற்றொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். குழந்தை தங்கும் வீடு பாதுகாப்பான வீடாக இருக்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ள வீட்டில் வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், தவறு நடந்ததாக அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. குடும்ப மானம், பங்கின் பெயர் என்று எதையும் மூடி மறைக்க இடமில்லை. நம்பிக்கை வேறு, கண்காணிப்பின்மை வேறு.

வீட்டுக்கு வரும் குழந்தையை எப்படி நடத்துவது?

சில எளிய வழிகளைச் சொல்லுகிறேன். இவை ராபர்ட்சன் தம்பதியரிடமும் நம் பாட்டிமாரிடமும் கற்றவை.

குழந்தை வருமுன் ஒருமுறையாவது தாயோடு வந்து உங்கள் வீட்டைப் பார்க்கட்டும். அதன் தலையணை, துண்டு, தட்டு, பொம்மை கூடவே வரட்டும். தண்ணீருக்கும் பசிக்கும் அது என்ன சொல் சொல்லும், இருட்டுக்குப் பயப்படுமா, எந்த மருந்து ஆகாது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களை அம்மா என்று அழைக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு உரியவள் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். பெரியம்மா, அத்தை, தாத்தா என்று எத்தனை நல்ல உறவுச் சொற்கள் நம் தமிழில் இருக்கின்றன! தினமும் ஒரு வேளை தாயோடு பேச வையுங்கள். பேசினால் அழுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். அழும் குழந்தை நம்பிக்கையோடு இருக்கிறது. அழுகையை அடக்கிக்கொண்டு சும்மா இருக்கும் குழந்தையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அதன் தகப்பன் குடிகாரனாக இருக்கலாம், தாய் கடனாளியாக இருக்கலாம். குழந்தையின் காதில் அதைச் சொல்லாதீர்கள். புதுச் சட்டை வாங்கித் தாருங்கள். ஆனால் பெற்றவர்களால் என்றுமே தர இயலாத சொகுசுகளைக் காட்டி, திரும்பிப் போகும் வீட்டை அற்பமாக்கிவிடாதீர்கள்.

பிற சமயத்தைச் சேர்ந்த குழந்தை வந்தால் அதன் நெற்றிப் பொட்டு அப்படியே இருக்கட்டும். அது புலால் உண்ணாத வீட்டுப் பிள்ளையானால் அதற்கு அப்படியே சமையுங்கள். நாம் செபமாலை சொல்லும்போது அது பக்கத்தில் உட்கார்ந்து விளையாடட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். நெருக்கடியில் இருக்கும் தாயிடமிருந்து பிள்ளையின் சமயத்தைப் பறிப்பது அன்பு ஆகாது, நற்செய்திப் பணியும் ஆகாது.

வீடு திரும்பிய பிறகு சில நாள் குழந்தை தாயிடம் முரண்டு பிடிக்கலாம், ஒட்டிக்கொண்டே இருக்கலாம், படுக்கையை நனைக்கலாம். நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம், இப்போது ஏன் இப்படி என்று யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். பிரிவின் காயம் ஆறும் வழி அது.

ஒரு பிற்பகல் ஓய்வு

இரவு முழுவதும் ஒரு குழந்தையை ஏற்க எல்லாராலும் முடியாது. அவர்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. நம் பங்கில் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு உள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் தம் தங்கையின் திருமணத்துக்குப் போகவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்து முழுமையாக உட்கார்ந்தது இல்லை. ஒரு பகல் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறோமே தவிர, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ போய்வா என்று சொன்னோமா?

பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. 1999-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, இத்தகைய மாற்றுத்திறன் உடையோருக்குத் தற்காலிகத் தங்கும் இல்லத்துக்கென்று சமர்த் என்ற திட்டத்தை வகுத்தது. ஆனால் எந்தத் திட்டமும் அடுத்த வீட்டுக்காரருக்கு ஈடாகாது. அந்தப் பிள்ளையோடு முதலில் பழகுங்கள். எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது என்று தாயிடம் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வாரத்தில் ஒரு பிற்பகல் இரண்டு மணி நேரம் அவர்கள் வீட்டிலேயே போய் இருங்கள். அதுவும் தற்காலிகப் பராமரிப்புத்தான்.

நம் மனத் தடைகள்

சாமி, கொஞ்ச நாள் வளர்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் எங்கள் மனம் தாங்குமா என்று ஒரு சகோதரி கேட்டார். நேர்மையான கேள்வி. தாங்காது, வலிக்கத்தான் செய்யும். வலிக்கவில்லையென்றால் அன்பு செய்யவில்லை என்றுதான் பொருள். ஆனால் யார் வலியைத் தாங்குவது நியாயம் என்று எண்ணிப் பாருங்கள். வலிக்கும் என்று நாம் கதவை அடைத்துக்கொண்டால், அதே வலியை இரண்டு வயதுக் குழந்தை தனியாகத் தாங்க வேண்டும். பெரியவர்களாகிய நாம் தாங்கினால், அது தாங்க வேண்டியது குறையும். சிலுவையை ஒருவர் மற்றவருக்காகச் சுமப்பது என்று நாம் தபசுகாலத்தில் தியானிப்பது இதைத்தானே?

எங்கள் சொந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று இன்னொருவர் கேட்டார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். தன் படுக்கையையும் பொம்மையையும் பத்து நாள் பகிர்ந்துகொண்ட சிறுவன், பத்து மறைக்கல்வி வகுப்பில் கற்க முடியாததைக் கற்றுக்கொள்கிறான். ஆயினும் அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள். அவர்களும் அந்த வீட்டுக்காரர்கள்.

ஒரு சின்ன நினைவூட்டல். நீங்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒரு குழந்தைக்கு ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ ஞானஸ்நானத் தொட்டி அருகில் நின்றிருக்கிறீர்கள். அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு உதவுவேன் என்று திருச்சபையின் முன் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை இன்று எங்கே, எந்த நிலையில் இருக்கிறது? இன்று மாலையே ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். இந்தப் பணி அங்கிருந்தே தொடங்கலாம்.

நாம் செய்யக்கூடியது

யூபிலியின் நினைவாக ஒரு கெபியோ மண்டபமோ கட்ட வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். கட்டலாம். அத்தோடு நான் கேட்பது மூன்று.

ஒன்று: ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு தாய் மருத்துவமனைக்குப் போகப் போகிறாள், ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டது, ஒரு தகப்பனுக்கு வேலை போய்விட்டது என்ற செய்தியை முதலில் அறிந்து, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். கேள்வி கேட்பதற்கே ஆள் இல்லாமல்தான் பல பிள்ளைகள் விடுதிக்குப் போகிறார்கள்.

இரண்டு: சட்டப்படி வளர்ப்புப் பெற்றோராக விரும்பும் குடும்பங்கள் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கட்டும். பத்துக் குடும்பம் வேண்டாம். தகுதியுள்ள இரண்டு குடும்பம் போதும். அவர்களுக்கு அரிசியாகவும், பள்ளிக் கட்டணமாகவும், செபமாகவும் மற்றவர்கள் துணை நிற்கட்டும்.

மூன்று: விடுதிச் சிபாரிசுக் கடிதம் கேட்டு யார் வந்தாலும், கடிதத்துக்கு முன் வேறு வழி உண்டா என்று நாம் எல்லாரும் சேர்ந்து தேடுவோம். படிப்புக்காக விடுதிக்குப் போவது வேறு. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று போவது வேறு. இரண்டாவது காரணத்துக்காக நம் பங்கிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை என்ற நாள் வந்தால், அதுவே நம் யூபிலியின் உண்மையான கோபுரம்.

அன்பார்ந்தவர்களே! இந்த உலகத்தில் அன்பு என்ற பெயரால் நாம் சேர்த்து வைத்துக்கொள்வது அதிகம். சேர்த்து வைத்ததைக் கைதிறந்து கொடுப்பது குறைவு. ஒரு பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வளர்த்து, பிறகு அதன் தாயின் கையில் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பும் ஒரு கிறிஸ்தவத் தாயை நினைத்துப் பாருங்கள். அவளுடைய வெறுங்கையை ஆண்டவர் வெறுமையாக விடுவாரா?

திருக்குடும்பத்தின் தலைவராகிய புனித சூசையப்பரின் பாதுகாவலில் நம் குழந்தைகள் அனைவரையும் ஒப்படைப்போம். பிரிந்த பிள்ளைகள் வீடு திரும்பும் ஆண்டாக இந்த யூபிலி அமைய எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக.